குழிக்குள் எவ்வளவு தண்ணீர்? ஒரு மொரிஸ் மைனரின் கொம்பிரஷன் கணக்கு

"அறுபது தவ் எடுத்துருவோம் டீச்சர். குழி பிஸ்டன்தானே வாங்கியிருக்கீங்க. அப்படியே போட்டா கொம்பிரஷன் பத்தாது."

தெமட்டகொடையில் ஒரு லேத் பட்டறை. அப்பாவின் மொரிஸ் மைனரின் சிலிண்டர் ஹெட் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. பட்டறை அண்ணா முப்பது வருடமாக இதே தொழிலில் இருப்பவர். அவர் கை பட்டு ஓடும் எஞ்சின்கள் கொழும்பில் எத்தனையோ உண்டு. குழி பிஸ்டன் என்றால் தலையில் குழி உள்ள பிஸ்டன். கொம்பிரஷன் என்றால் சிலிண்டருக்குள் கலவை நெருக்கப்படும் அளவு. தவ் என்றால் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அறுபது தவ் எடுப்பது என்றால் ஹெட்டின் அடிமுகத்தில் ஒன்றரை மில்லிமீற்றர் இரும்பைச் சீவி எறிவது. சீவிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது.

"அண்ணா, எவ்வளவு பத்தாது?" என்று கேட்டேன்.

"அது சொல்ல ஏலாது. அனுபவம்தான்."

அவருடைய அனுபவத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நான் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் சொல்லிக்கொடுப்பவள். ஒரு கனவளவை அளக்க முடியும் என்றால் அளந்துவிட வேண்டும் என்பது என் கைப்பழக்கம். வீட்டில் பியூரெட் இருந்தது. பாடப்புத்தகத்தில் அளவி என்று வருமே, அதுதான். "ஒரு கிழமை தாங்க அண்ணா, அளந்துட்டு வாறேன்" என்றேன். அவர் மறுப்புச் சொல்லவில்லை. நான்கு புதுப் பிஸ்டன், நான்கு பழைய பிஸ்டன், ஹெட், அதன் அடியில் வரும் மெல்லிய அடைப்புத் தகடான பழைய கெஸ்கட் எல்லாவற்றையும் ஒரு ஓட்டோவில் ஏற்றி வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்தேன்.

அந்தக் கிழமையில் செய்ததை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். பழைய கார் வைத்திருக்கும் யாருக்கும் இது ஒரு நாள் தேவைப்படும்.

அப்பாவின் கார் 1098 சிசி (கன சென்ரிமீற்றர்) எஞ்சின் உள்ள மைனர். மொரிஸ் மைனர் 1948இல் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 948 சிசிக்குப் பதிலாக 1098 சிசி எஞ்சின் வந்தது 1962இல். அப்பா இந்தக் காரில்தான் எங்களை ஒவ்வொரு டிசம்பரும் கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போவார். கடுகண்ணாவை ஏற்றத்தில் இரண்டாவது கியருக்கு இறங்கி, ஜன்னலைத் திறந்துவிட்டு, "கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு" என்று காரோடு பேசிக்கொண்டே ஓட்டுவார். அவர் போனபிறகு கார் பல வருடம் கொட்டகையில் நின்றது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி வரை கதவு திறக்கவில்லை. அந்த இடைவெளியில் பாவித்த சிறிய ஜப்பான் கார்கூட எட்டாத விலைக்குப் போனது. வீட்டில் ஒரு கார் சும்மா நிற்கிறதே, இதையே எழுப்பினால் என்ன என்று தோன்றியது.

கழற்றிப் பார்த்தால் நான்கு சிலிண்டரும் தேய்ந்து மேலே விளிம்பு கட்டியிருந்தன. சிலிண்டரின் உட்சுவரை நாற்பது தவ் அகலமாகக் கடைய, அதாவது ரீபோர் பண்ண வேண்டிவந்தது. அதற்கு ஏற்ற அளவில் பிஸ்டன் தேடிப் பஞ்சிகாவத்தையில் இரண்டு சனிக்கிழமை அலைந்தேன். மருதானைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அந்தத் தெருவில் இல்லாத உதிரிப்பாகம் என்று ஒன்று இருக்காது, தேடும் பொறுமைதான் வேண்டும். கிடைத்தது ஒரு செட். பெட்டியில் +.040 என்று மட்டும் இருந்தது. பிஸ்டன் தலையில் ஒரு வட்டக் குழி. எவ்வளவு ஆழம், எத்தனை சிசி, எந்தக் கொம்பிரஷனுக்குரியது, ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

இங்கேதான் பட்டறை அண்ணாவின் கணிப்புக்குக் காரணம் இருந்தது. இந்த எஞ்சின் இரண்டு விதமாக வந்தது. ஒன்று 8.5க்கு 1, மற்றது பெற்றோல் தரம் குறைந்த ஊர்களுக்கு 7.5க்கு 1. எஞ்சின் இலக்கத் தகட்டில் உள்ள எழுத்து அதைச் சொல்லும். எச் என்றால் கூடியது, எல் என்றால் குறைந்தது. அப்பாவின் காரில் இருந்தது எல். கடுகண்ணாவையில் அந்தக் கார் ஏன் அப்படி மூச்சு வாங்கியது என்பதற்கு ஒரு காரணம் அந்தத் தகட்டிலேயே இருந்திருக்கிறது. குறைந்த கொம்பிரஷன் பிஸ்டனில் பெரிய குழி இருக்கும். புதுப் பிஸ்டனிலும் குழி இருக்கிறது. அப்படியானால் இதுவும் எல், ஹெட்டைச் சீவித்தான் ஆக வேண்டும் என்பது அவருடைய கணக்கு. குழி இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. எவ்வளவு பெரிய குழி என்பதைக் கண் சொல்லாது.

கொம்பிரஷன் விகிதம் என்பது மிக எளிமையான ஒரு வகுத்தல். பிஸ்டன் அடியில் இருக்கும்போது அதற்கு மேலே உள்ள மொத்த இடத்தை, பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மிஞ்சும் இடத்தால் வகுக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் நெருக்கல் விகிதம் என்று படிக்கிறோம். 8.5 என்றால் எட்டரை மடங்கு இடத்தில் இருந்த கலவை ஒரு மடங்கு இடத்துக்குள் நெருக்கப்படுகிறது.

நெருக்க நெருக்கப் பலன் கூடும். பெற்றோல் எஞ்சினின் இயக்கத்தைக் காட்டும் ஒட்டோ சக்கரத்தின் இலட்சியக் கணக்குப்படி 7.5இல் வினைத்திறன் 55.3 வீதம், 8.5இல் 57.5 வீதம், 9.3இல் 59 வீதம். உண்மையான எஞ்சின் இதற்கு வெகு கீழேதான் நிற்கும், ஆனாலும் எந்தப் பக்கம் ஏறுகிறது என்பதை அது சரியாகக் காட்டுகிறது. 7.5இலிருந்து 8.5க்குப் போனால் அதே பெற்றோலில் கிட்டத்தட்ட 4 வீதம் கூடுதல் வேலை. 2022இல் கியூஆர் குறியீட்டைக் காட்டி லீற்றர் கணக்கில் பெற்றோல் வாங்கிய ஊரில் 4 வீதம் சின்ன விடயம் இல்லை.

அப்படியானால் இன்னும் இன்னும் ஏற்றிக்கொண்டே போகலாமே என்றால், நொக் வந்து தடுக்கும். தீப்பொறியிலிருந்து சுவாலை சீராகப் பரவிக்கொண்டு வரும்போது, மூலையில் இன்னும் எரியாமல் காத்திருக்கும் கலவை அமுக்கத்தாலும் வெப்பத்தாலும் தானாகவே வெடித்துவிடுவதுதான் நொக். கிளாஸ் குவளைக்குள் கோலிக்குண்டைக் குலுக்கியதுபோல் சத்தம் கேட்கும். விடாமல் ஓட்டினால் பிஸ்டன் தலை அரிக்கும், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் வளையங்களுக்கு இடையிலுள்ள பகுதி உடையும். முதலாம் உலகப் போருக்குப் பிறகு ஆங்கிலப் பொறியியலாளர் ஹாரி ரிக்கார்டோ கொம்பிரஷனை மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு சோதனை எஞ்சினைக் கட்டினார். எந்தப் பெற்றோல் எவ்வளவு நெருக்கலைத் தாங்கும் என்று ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தார். எரிபொருளுக்குத்தான் எல்லை இருக்கிறது என்பது அந்த வேலையில் தெளிவானது. 1921இல் தோமஸ் மிட்ஜ்லி ஈயச் சேர்வையால் நொக்கைத் தடுக்கலாம் என்று கண்டார். அந்த ஈயம் நூறு வருடம் உலகத்தின் காற்றில் கலந்தது. கார்களுக்கான ஈயப் பெற்றோலின் விற்பனை கடைசியாக அல்ஜீரியாவில் 2021இல்தான் நின்றது. எரிபொருள் நொக்கை எவ்வளவு தாங்கும் என்று காட்டுவது ஒக்டேன் எண். வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுக்கும்போது இந்தக் கதையை நான் விடுவதே இல்லை. ஐசோஒக்டேன் 100, நேர்ச்சங்கிலி ஹெப்டேன் 0 என்று மனனம் பண்ணும் பிள்ளைகளுக்கு, அந்த எண்ணுக்காக ஒரு தலைமுறையின் மூச்சுக்காற்று போனது என்பதும் தெரிய வேண்டும்.

நம் ஊரில் பம்பில் பெரும்பாலும் கிடைப்பது 92, 95 ஒக்டேன் பெற்றோல். 60 வருடப் பழைய இரும்பு ஹெட், கொழும்பு வெயில், காலி வீதி நெரிசல், மூன்றும் சேர்ந்தால் 92இல் 8.5 வசதியான இடம். அதற்கு மேலே போனால் தீப்பொறி விழும் நேரமான டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளி ஓட்டவேண்டி வரும். தள்ளினால் ஏற்றிய பலனில் ஒரு பங்கு போய்விடும். ஆகவே என் இலக்கு 8.5.

இடையில் ஒரு விடயம். "கொம்பிரஷன் கேஜ் வைத்துப் பார்த்தால் போதாதா, 150 காட்டினால் அதை 15ஆல் வகு, பத்து" என்று நிறையப் பேர் சொல்வார்கள். அது பிழை. காற்றை வேகமாக நெருக்கும்போது அது சூடாகி அமுக்கம் மேலும் ஏறும். இன்னொரு பக்கம், உள்வால்வு பிஸ்டன் மேலே கிளம்பிய பிறகும் திறந்திருப்பதால் அமுக்கம் குறையும். ரிங் தேய்மானம், பட்டரி வேகம், வால்வைத் திறக்கும் கெம்மின் வடிவம் எல்லாம் அந்த ஊசியில் வந்து கலக்கும். கேஜ் எஞ்சினின் உடல்நிலையைச் சொல்லும், விகிதத்தைச் சொல்லாது. விகிதம் வேண்டுமென்றால் இடத்தைத்தான் அளக்க வேண்டும்.

பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் இடம் ஐந்து துண்டுகள் சேர்ந்தது. ஹெட்டில் உள்ள எரியறை. நசுங்கிய கெஸ்கட்டின் தடிப்பு. பிஸ்டன் உச்சியிலும் சிலிண்டர்கள் உள்ள புளொக்கின் மேல்முகத்துக்குச் சற்றுக் கீழே நிற்குமே, அந்தச் சின்ன இடைவெளி. முதல் ரிங்குக்கு மேலே பிஸ்டனைச் சுற்றியுள்ள நூல்போன்ற சந்து. ஐந்தாவது, பிஸ்டன் தலையில் உள்ள குழி. எரியறையைத் திரவம் ஊற்றி அளக்கலாம். அடுத்த மூன்றையும் ஓரளவு அளவுகோலாலும் கணக்காலும் பிடித்துவிடலாம். குழியின் அடி தட்டையாக இருக்காது, ஓரம் வளைந்திருக்கும், வார்ப்பு ஒழுங்கு ஒன்றுக்கொன்று மாறும். அதன் விட்டத்தையும் ஆழத்தையும் வேர்னியரால் அளந்து பெருக்கினால் தோராயமாக ஒன்று வரும். தோராயம் இங்கே போதாது. என் எஞ்சினில் ஒரே ஒரு சிசி தவறினால் விகிதம் 0.2 தள்ளும். ஒரு தேக்கரண்டி ஐந்து சிசி என்றால் பாருங்கள், அதில் ஐந்தில் ஒரு பங்கு.

சரி, அளந்த விதத்துக்கு வருகிறேன்.

பெயர்ப்பலகை செய்யும் கடையில் 6 மில்லிமீற்றர் பெர்ஸ்பெக்ஸ், அதாவது கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக், வெட்டுத்துண்டு ஒன்று வாங்கினேன். பத்துக்குப் பத்து சென்ரிமீற்றர். மெல்லிய தகடு வேண்டாம், அழுத்தும்போது வளைந்து குழிக்குள் இறங்கிவிடும். இரண்டு துளை போடச் சொன்னேன். குழியின் விளிம்போரமாக வரும் இடத்தில் பியூரெட் நுனி நுழைய ஒன்று, அதற்குப் பக்கத்திலேயே காற்று வெளியேற இன்னொன்று. துளையின் அடிப்பக்கப் பிசிறைக் கத்தியால் வழித்துவிட வேண்டும். பிசிறு இருந்தால் காற்றுக்குமிழி அதில் தொற்றிக்கொண்டு நகராது.

திரவம் எது என்பதில் நிறைய யோசித்தேன். சிலர் ஸ்பிரிட் பாவிப்பார்கள். அது நன்றாகப் பரவும், குமிழி நிற்காது. ஆனால் நம்முடைய சூட்டில் மின்விசிறிக் காற்றுப் பட்டாலே ஆவியாகப் போகும். பெர்ஸ்பெக்ஸில் மெல்லிய வெடிப்புக் கோடுகளையும் அது கொண்டுவரும். பிஸ்டன் அலுமினியம், துருப்பிடிக்காது. ஆகவே பிஸ்டனுக்குத் தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, கண்ணுக்குத் தெரியக் கொஞ்சம் கேசரிப் பவுடர். சவர்க்காரம் மேற்பரப்பு இழுவிசையைக் குறைக்கும், தண்ணீர் மூலைமுடுக்கெல்லாம் தானாகப் போகும். அதிகம் கலக்கினால் நுரைக்கும், அது வேறு தொல்லை. இரும்பு ஹெட்டுக்கு மண்ணெண்ணெய் வைத்துக்கொண்டேன்.

பிஸ்டன் தலையின் விளிம்பில் வெள்ளை கிரீஸைப் பட்டும் படாமலும் பூசி, பெர்ஸ்பெக்ஸை வைத்து அழுத்தித் திருகினேன். கிரீஸ் கண்ணாடிபோல் தெளிந்து, விளிம்பு முழுவதும் ஒட்டிய கோடு மேலிருந்து தெரியும். அதிகம் பூசினால் கிரீஸ் குழிக்குள் பிதுங்கி இடத்தைப் பிடித்துவிடும். பிறகு பிஸ்டனை ஒரு பக்கம் மிகச் சிறிதாகச் சரித்து, துளைகள் இருக்கும் பக்கம் மேலே வரும்படி அடியில் ஒரு மடித்த கடதாசி. காற்று எப்போதும் மேட்டைத் தேடும், வெளியேறும் வழி மேட்டில் இருக்க வேண்டும். முழுவதும் மூடியிருப்பதால் இந்தச் சரிவு கனவளவை மாற்றாது.

பியூரெட்டின் பூச்சியத்தில் பிறையுருவின், அதாவது நீர்மட்ட வளைவின், அடியை நிறுத்தி, மெதுவாகத் திறந்தேன். சிவந்த நீர் குழியின் தாழ்ந்த மூலையிலிருந்து ஏறி, அடித்தட்டில் பரந்து, பிறகு பெர்ஸ்பெக்ஸின் அடியைத் தொட்டு ஒரு பிறைபோல் நகர்ந்து வந்தது. கடைசிக் காற்றுத் திட்டு சுருங்கிச் சுருங்கித் துளைவழியே போய், நீர் துளையின் அடிவிளிம்பைத் தொட்ட கணத்தில் மூடினேன். துளைக்குள் ஏறிய நீர் கணக்கில் சேரக்கூடாது. 6 மில்லிமீற்றர் துளை முழுவதும் நிரம்பினால் அதுவே 0.17 சிசி.

முதலில் அளந்தது புதுப் பிஸ்டனை அல்ல, அப்பாவின் பழைய பிஸ்டன்களை. இது என் வகுப்பறைப் பழக்கம். விடை தெரிந்த ஒன்றை அளந்து பார்த்துவிட்டுத்தான் தெரியாததைத் தொட வேண்டும். கரியைச் சுரண்டி, நெயிலோன் தூரிகையால் துடைத்து, மூன்று மூன்று தரம் அளந்தேன். 10.5 வந்தது. அந்த எஞ்சின் ரீபோர் பண்ணப்படாமல் மூல அளவிலேயே இருந்தது. விட்டம் 64.58 மில்லிமீற்றர், பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 83.72. ஒரு சிலிண்டருக்கு 274.2 சிசி. எரியறை, கெஸ்கட் எல்லாம் சேர்த்து மிஞ்சும் இடம் 42.1. கூட்டி வகுத்தால் 7.51. தகட்டில் உள்ள எல் எழுத்து சொல்வது 7.5. இரவு பதினொரு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் அந்த எண்ணைப் பார்த்தபோது, அப்பாவிடம் ஏதோ ஒரு கேள்வி கேட்டு அவரிடமிருந்தே பதில் வந்ததுபோல் இருந்தது. 60 வருடத்துக்கு முன் யாரோ வார்த்த குழி, ஒரு பள்ளிக்கூட அளவியில் சரியாகச் சொல்லிவிட்டது.

அடுத்த நாள் புதியவை. முதலாவது: 6.1, 6.0, 6.1. இரண்டாவது: 6.1, 6.1, 6.0. இந்த இரண்டிலேயே விடயம் தெரிந்துவிட்டது. குழி இருந்தாலும் பழையதைவிட நாலரை சிசி சிறியது. இது எல் பிஸ்டன் இல்லை.

மூன்றாவது 8.4.

என் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பிழைக்கும் ஒரு திசை உண்டு. குமிழி தங்கியிருந்தால் அளவு குறைந்து காட்டும், கூடாது. கூடிக் காட்டுகிறது என்றால் எங்கோ கசிவு. துடைத்து, புதுக் கிரீஸ் பூசி, பிஸ்டனைச் சுற்றி ரிஷ்யூ கடதாசி சுற்றிவைத்து மறுபடியும் நிரப்பினேன். கடதாசி காய்ந்தே இருந்தது. அளவு 8.3. இன்னொரு தரம், 8.4. நான்காவது பிஸ்டன் 6.0, 6.1, 6.1 என்று சாதுவாக வந்து நின்றது.

அளவியை மட்டும் நம்பி ஒரு கடைக்காரரிடம் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. வேறொரு வழியாலும் அதே விடை வர வேண்டும். மச்சான் ஒருவர் செட்டியார் தெருவில் நகைக்கடையில் வேலை செய்கிறார். 500 கிராம் வரை நிறுக்கும், கிராமின் நூறில் ஒரு பங்கு காட்டும் சின்னத் தராசை ஞாயிறு ஒரு நாளுக்குத் தந்தார். பெர்ஸ்பெக்ஸ் ஒட்டிய பிஸ்டனை வெறுமையாக நிறுத்து, நிரப்பி நிறுத்து, வித்தியாசத்தைப் பார்த்தேன். 8.36 கிராம். 30 பாகை சூட்டில் ஒரு சிசி தண்ணீர் 0.996 கிராம். 8.4 சிசி.

அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. தண்ணீரே தேவையில்லை, பிஸ்டனையே நிறுக்கலாமே. குழி ஆழமாகக் கடையப்பட்டிருந்தால் அந்த அலுமினியம் எங்கே போயிருக்கும்? மற்ற மூன்றும் 288.4, 288.9, 288.1 கிராம். மூன்றாவது 282.3. ஆறு கிராமுக்குச் சற்று மேலே குறைவு. அலுமினியத்தின் அடர்த்தி 2.7. 6.2ஐ 2.7ஆல் வகுத்தால் 2.3 சிசி. அளவி காட்டிய வித்தியாசமும் 2.3 சிசி.

இரண்டு வழிகள், ஒன்றையொன்று தெரியாமல், ஒரே எண்ணில் வந்து சந்திக்கும்போது வரும் நிம்மதியை எந்த இரசாயனவியல் ஆசிரியரும் அறிவார். ஒரே வார்ப்பு, ஆனால் ஒன்றில் மட்டும் குழியை 1.2 மில்லிமீற்றர் கூடுதலாகக் கடைந்திருக்கிறார்கள். வேறொரு செட்டுக்குரிய பிஸ்டன் இந்தப் பெட்டிக்குள் வந்திருக்கிறது. தனியே பார்த்தால் தெரியாது. நான்கையும் வரிசையாக வைத்து, விளிம்பில் ஒரு அடிமட்டத்தைக் குறுக்கே வைத்து டோர்ச் அடித்தபோதுதான் நிழல் வித்தியாசம் தெரிந்தது.

அதை அப்படியே போட்டிருந்தால்? மூன்று சிலிண்டர் 8.5, ஒன்று 8.06. எஞ்சின் ஓடும். ஆனால் சும்மா நிற்கும்போது ஒரு சிறு நடுக்கம் இருந்துகொண்டே இருக்கும், 6 கிராம் பாரக் குறைவும் அதோடு சேரும். கார்புரேட்டரைத் திருகு, டைமிங்கைத் திருகு, பிளக்கை மாற்று என்று மாதக்கணக்கில் அலைந்திருப்போம். காரணம் மட்டும் அகப்பட்டிருக்காது.

பஞ்சிகாவத்தைக்கு அளவிகளோடு போகவில்லை, தராசையும் வேர்னியரையும் மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். கடை நானா நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு தானே வேர்னியரின் ஆழக்கோலை ஒவ்வொரு குழியிலும் இறக்கிப் பார்த்தார். "மகள் சொல்றது சரி. இது பெட்டி மாறி வந்திருக்கு" என்று உள்ளே போனார். அரை மணித்தியாலம் கழித்துத் தூசு படிந்த இன்னொரு பெட்டியோடு வந்தார். அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தராசில் வைத்தோம். இரண்டாவது எடுத்தது 288.6. வீட்டில் அளந்தபோது 6.1.

மற்ற அளவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அவற்றில் சிக்கல் இல்லை. எரியறைகள் வால்வும் பிளக்கும் பூட்டிய நிலையில் மண்ணெண்ணெயால் அளந்தது: 26.4, 26.5, 26.3, 26.4. நசுங்கிய கெஸ்கட் 0.9 மில்லிமீற்றர், துளை 68, ஆகவே 3.27 சிசி. புளொக்கின் மேல்முகத்துக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி அரை மில்லிமீற்றர், 1.69 சிசி. ரிங்குக்கு மேலுள்ள சந்து 0.31. குழி 6.1. கூட்டினால் 37.77. ரீபோருக்குப் பிறகு விட்டம் 65.6, ஒரு சிலிண்டர் 282.9 சிசி. 282.9ஐ 37.77ஆல் வகுத்து ஒன்று கூட்டுங்கள்: 8.49.

ஹெட்டைத் தொடாமலே இலக்கு வந்துவிட்டது. ரீபோர் பண்ணும்போது சிலிண்டர் பெருக்கிறது, மிஞ்சும் இடம் பெரிதாக மாறுவதில்லை, அதனால் விகிதம் தானாகவே கொஞ்சம் ஏறும் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

அறுபது தவ் சீவியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் பார்த்தேன். எரியறையின் வாயை வரைபுத் தாளில் படியெடுத்துச் சதுரங்களை எண்ணினால் 24 சதுர சென்ரிமீற்றர். 1.524 மில்லிமீற்றர் போனால் 3.66 சிசி குறையும். விகிதம் 9.3. ஓட்டப்பந்தயக் காருக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் இந்தக் கார் தினமும் காலி வீதியில் 92 பெற்றோலில் போய்வர வேண்டியது.

தாளைக் கொண்டுபோய்ப் பட்டறை அண்ணாவின் முன் விரித்தேன். அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பழைய பிஸ்டனில் 7.51 வந்த இடத்தில் விரல் நின்றது.

"எல் எஞ்சின்னு தகட்டுல போட்டிருக்கிறதுதான் இதுல வந்திருக்கு?"

"ஓம் அண்ணா."

"அப்போ மத்ததும் சரியாத்தான் இருக்கும்." ஹெட்டின்மேல் நேர்விளிம்பை வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "லேசா வளைவு இருக்கு. நாலு தவ் மட்டும் எடுத்துத் தட்டையாக்கித் தாறேன். அதுக்கு மேல வேணாம்." நாலு தவ் என்றால் 0.1 மில்லிமீற்றர், கால் சிசி. விகிதம் 8.54. அதுபோதும்.

பிஸ்டன்களை ரிங்கோடு புளொக்கில் ஏற்றிய பிறகு அவர் கேட்டதால் இன்னொரு முறையும் அளந்து காட்டினேன். பிஸ்டனை மேல்முகத்திலிருந்து சரியாகப் பத்து மில்லிமீற்றர் கீழே இறக்கி, டயல் கேஜால் உறுதிசெய்து, ஓரச் சந்தைக் கிரீஸால் அடைத்து, பெர்ஸ்பெக்ஸைப் புளொக்கின்மேல் வைத்து மண்ணெண்ணெய் நிரப்பினோம். குழியே இல்லாத தட்டைப் பிஸ்டனாக இருந்தால் 33.8 சிசி கொள்ளும். உள்ளே போனது 39.8. மிச்சம் 6.0 குழியினுடையது. தலையில் குழிக்குப் பதிலாக மேடு உள்ள பிஸ்டன்களுக்கும், வால்வுக்காக வெட்டிய பள்ளம் விளிம்பையே தாண்டிப்போகும் பிஸ்டன்களுக்கும் இதுதான் வழி, ஏனென்றால் அவற்றின் தலையில் பெர்ஸ்பெக்ஸை நேராக ஒட்டவைக்க முடியாது. மேடு இருந்தால் 33.8ஐ விடக் குறைவாகப் போகும், அவ்வளவுதான் வித்தியாசம். மண்ணெண்ணெய் இறங்கும்போது அவர் பியூரெட்டின் கண்மட்டத்துக்குக் குனிந்து, பிறையுருவின் அடியைத்தான் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னதை நினைவில் வைத்து, தானே வாசித்தார். "முப்பத்தொன்பது தசம் எட்டு." என் மாணவர்களில் பாதிப் பேர் முதல் தரத்தில் இப்படிச் சரியாக வாசிப்பதில்லை.

எஞ்சின் பூட்டி, ஐந்நூறு மைல் மெதுவாக ஓட்டிப் பழக்கிய பிறகு, ஒரு ஞாயிறு காலையில் தெஹிவளை மேம்பாலத்தில் சோதித்தோம். அண்ணா பக்கத்து ஆசனத்தில். ஏற்றத்தின் அடியில் நான்காவது கியரில் மெதுவாகப் போய், எக்ஸிலேட்டரை முழுவதும் மிதிக்கச் சொன்னார். நொக் வருவதென்றால் அங்கேதான் வரும். ஜன்னல்களை இறக்கிவிட்டுச் சுவரோரம் எதிரொலிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஏறினோம். ஒன்றும் இல்லை. தீப்பொறி நேரத்தை மாற்ற டிஸ்டிரிபியூட்டரை ஒரு பாகை முன்னுக்குத் தள்ளி மறுபடியும் ஏறினோம். மேலே போகும்போது மிக லேசாக ஒரு கிலுகிலுப்புக் கேட்டது. பழைய இடத்துக்கே திருப்பி வைத்துப் பூட்டினார்.

அப்பா பெற்றோல் அடித்த ஒவ்வொரு நாளும் எழுதிய ஒரு சிவப்புக் கொப்பி கையுறைப் பெட்டியில் இருக்கிறது. திகதி, மைல், கலன், பிறகு லீற்றர். அதன் கடைசிப் பக்கத்தில் நான்கு சிலிண்டருக்கும் எரியறை, குழி, விகிதம் மூன்றையும் எழுதி, அளந்த திகதியையும் போட்டு வைத்திருக்கிறேன். போன கிழமை அண்ணா தொலைபேசியில் கூப்பிட்டார். பட்டறைக்கு ஒரு பழைய டட்சன் எஞ்சின் வந்திருக்கிறதாம், பெட்டியில் ஒன்றும் எழுதாத பிஸ்டன்களோடு. சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அளவியோடு போகிறேன்.